"நேத்து எப்படி இருந்தாங்க?"

மூன்று வருடங்களுக்கு முன்னால், பி.எஸ்சி நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவிகளை மெடிக்கல் வார்டு போஸ்டிங்குக்குக் கூட்டிப் போயிருந்தேன். எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல், ஐவி லைனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, என்றோ இறந்துபோன தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு வரி. என்ன பிரச்சினை என்று நினைக்கிறாய் என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். "வயசாயிடுச்சு மேம், அப்படித்தான் இருப்பாங்க" என்றாள்.

பக்கத்தில் நின்ற மகளிடம் "நேத்து எப்படி இருந்தாங்க?" என்று கேட்டேன். முந்தாநாள் வரைக்கும் பேத்திக்குத் தலை பின்னி விட்டாராம். சளி பிடித்ததால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்களாம். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. டாக்டர் வந்து கதீட்டர் போட்டதும் 900 மில்லி சிறுநீர் வந்தது, பரிசோதித்ததில் கிருமித்தொற்றும் இருந்தது, ஆனால் காய்ச்சல் துளிகூட இல்லை. மூன்றாம் நாள் பேத்தி எங்கே என்று அவரே கேட்டார்.

இரண்டு நாளில் வந்த குழப்பம் டெலிரியம். டிமென்ஷியா என்கிற மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வருவது. சில சளி மாத்திரைகள் வயதானவர்களுக்குச் சிறுநீரை அடைக்கும், புத்தியையும் கலக்கும். தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம், மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் சோர்வாக வரலாம். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். 2021-இல் இந்திய நர்சிங் கவுன்சில் மாற்றியமைத்த பாடத்திட்டத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பாடம் உண்டு, பிரசவத்துக்கு உண்டு. முதியோர் பராமரிப்பு மட்டும் பெரியவர்களுக்கான இரண்டாவது பாடத்துக்குள் ஓர் அலகாக அடங்கிவிடுகிறது, போர்ஷன் முடிக்கிற அவசரத்தில் அடிபடுவதும் அதுதான். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது 1978-இல். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நாம் இதை அவசர அவசரமாக நடத்தக்கூடாது.

அதனால் இப்போது முதல் வாரம் வார்டுக்கே கூட்டிப் போவதில்லை. கோயில் மண்டபம், பூங்கா, ரேஷன் கடை வாசல் என்று நன்றாக நடமாடும் பெரியவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகச் சொல்கிறேன். பிரஷர் பார்க்க வேண்டாம், உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால் போதும். முதலில் பார்க்கிற முதியவர் படுத்த படுக்கையாக இருந்தால், முதுமை என்றாலே அதுதான் என்று பிள்ளைகள் மனசில் பதிந்துவிடுகிறது.

அப்புறம் வகுப்பில் ஒரு பயிற்சி. வாசலின் தடவிய கண்ணாடி, காதில் பஞ்சு, விரல் மூட்டுகளில் பிளாஸ்டர், ஷூவுக்குள் பச்சைப்பயறு. இப்படியே ஸ்ட்ரிப்பிலிருந்து மாத்திரையை எடுத்துப் பாதியாக உடைக்க வேண்டும். ஒரு பையன் மூன்று முறை கீழே போட்டுவிட்டுச் சொன்னான்: "எங்க தாத்தா மாத்திரையை ஒழுங்கா போடலைன்னு நான் தினமும் திட்டுவேன் மேம்."

பேசுகிற விதத்துக்கே ஒரு முழு வகுப்பு எடுக்கிறேன். காதோரம் கீச்சென்று கத்தக்கூடாது. வயதில் முதலில் மங்குவது கீச்சுக் குரலைக் கேட்கும் திறன்தான், அதனால் முகத்துக்கு நேராக நின்று குரலைத் தாழ்த்தி நிதானமாகப் பேச வேண்டும். எல்லோரையும் 'பாட்டி', 'தாத்தா' என்றும் கூப்பிட்டுவிடக் கூடாது, எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்க வேண்டும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் 'டீச்சர்னு கூப்பிடும்மா' என்று சொன்ன பிறகுதான் சரியாகச் சாப்பிடவே ஆரம்பித்தார்.

கேஸ் ஸ்டடி நோட்டில் 'நேற்று எப்படி இருந்தார்?' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். வீட்டு ஆளிடம் கேட்டு எழுதாவிட்டால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. போன வாரம் ஒரு மாணவி அதில் எழுதியிருந்தாள்: 'நேற்று காலை தானே நடந்து போய் டீ வாங்கி வந்தார். இன்று சட்டைப் பட்டன் போடத் தெரியவில்லை.' நோட்டை அப்படியே டாக்டரிடம் கொண்டு போனாள். அன்று மதியமே ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது, குழப்பத்துக்குக் காரணம் தெரிந்தது: சோடியம் மிகவும் குறைந்திருந்தது.