பக்கவாத்தியக்காரரின் காது

மெல்லிசைக் குழுக்களில் ரிதம் கிட்டார் (பாட்டுக்குப் பின்னால் தாளமாக மீட்டும் கிட்டார்) வாசித்துப் பல வருடங்களைக் கழித்தவன் நான். கச்சேரி முடிந்ததும் பாடகரைச் சூழ்ந்துகொள்ளும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிச் செல்வதுதான் எங்கள் வகுப்பாரின் வழக்கம். அப்படிப்பட்ட ஓரத்து இடத்திலிருந்து வந்த ஒருவர் பாப் பாடகர்களான டேவிட் போவிக்கும் மடோனாவுக்கும் இசைத்தட்டுத் தயாரிப்பாளராக, அதாவது பாட்டின் ஒலியை வடிவமைப்பவராக, ஆனார் என்பதனால், நியூயார்க்கின் கிட்டார் கலைஞர் நைல் ராட்ஜர்ஸ் மீது எனக்குத் தனி அக்கறை உண்டு.

1952இல் பிறந்த ராட்ஜர்ஸ், இளம் வயதில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் சுற்றுப்பயணக் குழுவிலும், பிறகு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள அப்பல்லோ அரங்கத்தின் நிரந்தர வாத்தியக் குழுவிலும் வாசித்தார். அங்கே வருகிற பாடகர் எவராயினும் அவருடைய பாணிக்குத் தக்கபடி கையை மாற்றிக்கொள்ள வேண்டும். பேஸ் கிட்டார் கலைஞர் பெர்னார்ட் எட்வர்ட்ஸின் தூண்டுதலால்தான் ஜாஸ் கிட்டாரை விட்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டாருக்கு மாறினார். 'சக்கிங்' என்ற வாசிப்பு முறையும் அவர் மூலமே கைவந்தது. அம்முறையில் வலக்கை ஒரு தாள எண்ணிக்கையை நான்காகப் பிரித்து நிற்காமல் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த வீச்சு சுரமாக ஒலிக்க வேண்டும், எது வெறும் 'சக்' என்ற ஓசையாக மடிய வேண்டும் என்பதை இடக்கை விரல்கள் தந்தியை அழுத்துவதும் தளர்த்துவதும் தீர்மானிக்கும். பார்க்க எளிது. நான் முயன்றபோது இரண்டு நிமிடத்திற்குள் மணிக்கட்டு இறுகிவிட்டது.

இருவரும் சேர்ந்து நடத்திய, டிஸ்கோ என்ற நடன இசையை வாசித்த 'ஷிக்' குழுவின் 'லே ஃப்ரீக்' 1978இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்த வெற்றியைத் தொடர்ந்து அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம் தன் பெரிய நட்சத்திரங்களுக்கு இசைத்தட்டுத் தயாரிக்க அழைத்தபோது, அதை ஏற்காமல், அதிகம் அறியப்படாத சிஸ்டர் ஸ்லெட்ஜ் என்ற பாடகிச் சகோதரிகளை அவர்கள் கேட்டு வாங்கினார்கள். நட்சத்திரத்தின் தட்டு வெற்றி பெற்றால் பெயர் நட்சத்திரத்துக்கே போகும், புதியவர்கள் வென்றால்தான் அதைச் செய்தவர் யார் என்று உலகம் கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. பக்கவாத்தியக்காரனின் நீண்டநாள் வயிற்றெரிச்சலும் அந்தக் கணக்கில் கொஞ்சம் கலந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சகோதரிகளைப் பற்றி நிறுவனத் தலைவர் பேசப் பேச எடுத்த குறிப்புகளிலிருந்தே 'வீ ஆர் ஃபேமிலி' பாட்டின் வரிகள் பிறந்தன.

1979 ஜூலையில் சிகாகோவின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோவை வெறுத்தவர்கள் அதன் தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதற்குப் பிறகு ஷிக் குழுவின் தட்டுகள் முன்போல விற்கவில்லை. ராட்ஜர்ஸின் கைத்திறன் குறைந்துவிடவில்லை, அந்த இசைக்கு இருந்த மதிப்புத்தான் போயிற்று.

இந்த நிலையில்தான் போவி, தம் அடுத்த தட்டைத் தயாரிக்க அழைத்திருந்த ராட்ஜர்ஸுக்கு, ஸ்விட்சர்லாந்தில் ஒரு கிட்டாரை எடுத்துத் தமது 'லெட்ஸ் டான்ஸ்' பாட்டை வாசித்துக் காட்டினார். நாட்டுப்புறப் பாட்டின் சாயலில் இருந்த அதற்கு யாரும் ஆட மாட்டார்கள் என்று ராட்ஜர்ஸுக்குப் பட்டது. மெட்டைத் தொடாமல் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக் கொத்துகளை) ஜாஸ் பாணியில் மாற்றி, இடைவிடாத மீட்டலை வெட்டி, விட்டுவிட்டு வரும் சிறு அடிகளாக்கினார்; ஒலிப்பதிவாளர் பாப் கிளியர்மவுண்டன் அவற்றுக்கு எதிரொலி சேர்க்க, வெட்டிய இடங்களில் அந்த எதிரொலியே தாளமாக வந்து விழுந்தது. தயாரிப்பு என்றாலே மேலும் மேலும் வாத்தியம் சேர்ப்பதுதான் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பாட்டை ஹெட்போனில் கேட்க வேண்டும். முன்னணி கிட்டாருக்கு அப்போது பரவலாக அறியப்படாத ஸ்டீவி ரே வானை போவி அழைத்து வந்தார். ராட்ஜர்ஸ் ரிதத்திலேயே நின்றார். நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் கூடத்தில் 17 நாட்களில் முழுத் தட்டும் முடிந்தது. 1983இல் வெளிவந்த அந்தத் தலைப்புப் பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றது. அடுத்த ஆண்டு தாம் தயாரித்த மடோனாவின் 'லைக் எ வர்ஜின்' தட்டுக்கு எட்வர்ட்ஸையும் ஷிக் குழுவின் டிரம்மர் டோனி தாம்ப்ஸனையும் ராட்ஜர்ஸ் வாசிக்க அழைத்துக்கொண்டார்.

1996இல் டோக்கியோக் கச்சேரியை முடித்த கையோடு எட்வர்ட்ஸ் இறந்துபோனார். டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு மின்னிசை இருவர், 2013இல் வெளிவந்த தங்கள் 'கெட் லக்கி' பாட்டுக்கு ராட்ஜர்ஸை அழைத்தபோது, பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டருடன் போய் அதே 'சக்' ஓசையை வாசித்துக் கொடுத்தார். அந்தப் பாட்டின் விவரங்களில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை. எழுதியவர்களுள் ஒருவராகவும் கிட்டார் வாசித்தவராகவும் இருக்கிறது.