சிமெண்டில் ஒரு குடும்பம்

பல்கலைக்கழகச் சிலை என்றாலே நிறுவனர், மாலை, சுற்றிக் கம்பி வேலி என்று பழகிவிட்டோம். சாந்திநிகேதனில் விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளியான கலாபவன வளாகத்தில் சிற்பி ராம்கிங்கர் பெய்ஜ் 1938இல் செய்த 'சந்தால் குடும்பம்' வேறு ரகம். சந்தால் என்பது ஒரு பழங்குடி. வெண்கலமோ பளிங்கோ கிடையாது. இரும்புக் கம்பிக் கூட்டின் மேல் சிமெண்டையும் செம்புராங்கல் சரளையையும் அப்பி எழுப்பியது. அதனால் உடம்பெல்லாம் சொரசொரப்பு. அப்பன் தோளில் காவடி, அதன் கூடையில் ஒரு பிள்ளை. அம்மா இடுப்பில் இன்னொன்று. கூடவே ஒரு நாய். பெயரில்லாத உழைப்பாளிக் குடும்பம், ஆளைவிடப் பெரிய அளவில்!

அப்புறம், அதே வளாகத்தில் 1956இல் அவர் செய்த 'மில் கால்' (Mill Call), அதாவது ஆலையின் அழைப்பு. ஆலைச் சங்கு கேட்டு இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள். ஈரச் சேலை பின்னால் பறக்கிறது. எனக்கென்னவோ இதுதான் ஒரு படி மேல். சிமெண்டைப் பறக்கவிட்டிருக்கிறார் மனுஷன்.