ஒரே கொழுந்து, மூன்று நிறை

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் ஆறின் கணக்கை ஒரே தரவுக் களஞ்சியமாக்கும் (அறிக்கை எடுப்பதற்காக ஒரே இடத்தில் சேர்க்கும்) வேலை. முதல் வடிவமைப்பை முழுதாகத் தூக்கிப் போட வேண்டி வந்தது. கணினியிலோ மென்பொருளிலோ பிழை இல்லை, தாளில் போட்ட படத்தில்தான் பிழை. முதல் அறிக்கையைப் பார்த்த துரை, அதாவது தோட்ட மேலாளர், ஒன்றைத்தான் கேட்டார்: "மலையில எடுத்த கொழுந்து ஒரு கணக்கு, ஸ்டோருக்கு வந்தது இன்னொரு கணக்கு. எது சரி?"

மலை என்பது கொழுந்து பறிக்கும் பகுதி, ஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலை. இரண்டு கணக்கும் சரி. அதைச் சொல்ல எங்கள் படத்தில் இடமில்லாமல் போனதுதான் வினை. கிலோ என்றால் கிலோதானே என்று எல்லாவற்றையும் ஒரே ஃபெக்ட் அட்டவணையில் (நிகழ்வுகளின் அளவுகள் வரி வரியாகப் பதியும் அட்டவணை) கொட்டியிருந்தோம்.

மலையில் தராசு வைக்கும்போது ஒரு நிறை. காலை, பகல், பின்னேரம் என்று நாளுக்கு இரண்டு மூன்று தடவை ஒவ்வொருவரின் கொழுந்தும் நிறுக்கப்படும். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக மிச்சம்தான் பேரில் விழும். லொறி ஸ்டோர் வாசலுக்கு வந்ததும் இரண்டாவது நிறை. அங்கே ஆள் பெயர் கிடையாது, டிவிஷனும் (தோட்டத்தின் ஒரு பிரிவு) லொறி வந்த நேரமும்தான். மூன்றாவது, காய்ந்து, தரம் பிரித்து, பொதியான தேயிலையின் நிறை. அங்கே டிவிஷனும் காணாமல் போய், பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்ற தரம் மட்டும் மிஞ்சும்.

இவற்றை ஒரே அட்டவணையில் இணைத்தால் என்ன ஆகும்? 60 பேர் ஆளுக்கு 15 கிலோ எடுத்தால் 900 கிலோ. ஸ்டோர் வரவு 860 கிலோ, ஒரே வரி. அந்த ஒரு வரி 60 பேரின் வரியோடும் ஒட்டிக்கொள்ளும். கூட்டிப் பார்த்தால் 51,600 கிலோ. இந்தத் தொகை பெரிதாக இருப்பதால் கண்ணில் பட்டது. ஐந்து பேர் மட்டும் வேலை செய்த நாள்கள் சத்தமில்லாமல் தப்பாகக் கிடந்தன.

இரண்டாம் தடவை அட்டவணை பக்கமே போகவில்லை. 1998இல் கோல்ஃபரெல்லி, மாயோ, ரிட்சி ஆகியோர் முன்வைத்த டைமென்ஷனல் ஃபெக்ட் மொடல் முறையில், நடுவில் நிகழ்வைப் பெட்டியாக வைத்து, அதிலிருந்து டைமென்ஷன்களை (ஆள், மலை, திகதி போன்ற விவரங்களை) கிளைகளாக இழுத்தோம். ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் "ஒரு வரி என்றால் என்ன" என்பதை ஒரே வசனத்தில் எழுதச் சொன்னோம். பறிப்பு: ஒரு ஆள், ஒரு மலை, ஒரு தடவை நிறுத்தது. ஸ்டோர் வரவு: ஒரு லொறி நடை, ஒரு டிவிஷன். உற்பத்தி: ஒரு நாள், ஒரு தரம். விற்பனை: ஒரு இன்வொய்ஸ். அந்த வசனத்தை எழுத முடியாமல் யாராவது இழுத்தால், அங்கே இரண்டு நிகழ்வு ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒப்பிட வேண்டுமானால் பறிப்பைத் தனியாக நாள், டிவிஷன் அளவுக்குக் கூட்டி, வரவையும் அப்படியே கூட்டி, அதன் பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். 900, 860, வித்தியாசம் 40. துரைக்கு வேண்டியதும் அந்த 40தான்.

கூட்டத்தில் யாரோ ஒருவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்: எந்த மலைக் கொழுந்துக்கு ஏலத்தில் என்ன விலை என்று காட்டுவோமாம். காட்ட முடியாது. வாட்டும் இடத்திலேயே பல மலைக் கொழுந்தும் ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு மலைக்கும் இன்வொய்ஸுக்கும் நடுவே கோடே இல்லை. பங்கு போட்டுக் கணக்குக் காட்டலாம்தான், ஆனால் அது எங்கள் கற்பனையே தவிரத் தரவு அல்ல. படத்தில் அந்தக் கோட்டை இழுக்க மறுத்ததற்கு இரண்டு வாரம் ஏச்சு வாங்கினோம். இப்போது யாரும் கேட்பதில்லை.

சதவீதத்திலும் அடி விழுந்தது. சுமார் நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்பது ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். அந்த விகிதத்தை நாள்தோறும் சேமித்து, மாத அறிக்கையில் சராசரி எடுத்தோம். ஒரு நாள் 10,000 கிலோவுக்கு 2,150 (21.5%), மறுநாள் 2,000 கிலோவுக்கு 460 (23%) என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 22.25 என்று வரும். உண்மை 2,610ஐ 12,000ஆல் வகுத்தால் வரும் 21.75. விகிதத்தைச் சேமிக்கவே கூடாது. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் சேமித்து, கேட்கும்போது வகுக்க வேண்டும். இன்னொன்று, இன்று பறித்த கொழுந்து இரவு வாடி மறுநாள்தான் ரோலருக்குப் போகும். பறித்த திகதி, தயாரித்த திகதி என்று இரண்டு வேடமும் திகதிக்கு வேண்டும். இல்லாவிட்டால் மாதக் கடைசி ஒவ்வொன்றும் சண்டைதான். ஸ்டோரில் இருக்கும் இருப்பும் அப்படித்தான்: தரம் வாரியாகக் கூட்டலாம், நாள் வாரியாகக் கூட்டினால் இல்லாத தேயிலை முளைக்கும்.

மலை விவரத்துக்காக ஒரு நாள் வீணானது. 7ஆம் நம்பர் மலை எப்போதோ 7ஏ, 7பி என்று பிரிந்திருக்கிறது. கவ்வாத்து வெட்டிய திகதியும் ஹெக்டயர் அளவும் தோட்டத்து ஆபீஸ் பதிவேட்டில் மட்டுமே. இரண்டு பஸ் மாறி, மழையில் ஏறிப் போனால் கிளாக்கர் தலை நிமிராமலே, "அலுமாரிச் சாவி சின்னத்துரைகிட்ட. அவரு லீவு. திங்கக்கெழம வாங்க சேர்" என்றார். முதல் நாளே போன் பண்ணித்தான் போனோம்! திங்கட்கிழமை அலுமாரி திறந்தது, பதிவேட்டில் இரண்டு பக்கம் இல்லை. அடுத்து இந்த வேலைக்குப் போகிறவர்கள் பதிவேட்டைக் கண்டதுமே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தருகிறோம் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

மலையின் டைமென்ஷனைப் பழையதை அழித்து எழுதும் வகையில் வைத்திருந்தால் இத்தனை தேடலும் வீண். கவ்வாத்து வெட்டிய மலையில் சில மாதம் கொழுந்தே இருக்காது. அதைத் தெரிந்துகொள்ளாமல் விளைச்சல் விழுந்துவிட்டது என்று கங்காணியைப் பிடிப்பது அநியாயம். ஆகவே பழைய வரியை அழிக்காமல் வைக்கும் டைப் 2 முறை: கவ்வாத்தோ மறுநடுகையோ பிரிவோ நடந்தால் புது வரி, புதுச் சாவி (வரியை அடையாளம் காட்டும் எண்), தொடங்கிய திகதி, முடிந்த திகதி. ஹெக்டயரைப் பறிப்பு வரியில் எழுதாதீர்கள். 4 ஹெக்டயர் மலை 25 நாளில் 100 ஹெக்டயராகிவிடும்.

ஆள் பட்டியல்தான் ஆக மோசம். பழைய செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) மென்பொருளில் பெயர்கள் யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் கிடந்தன. ஏற்றிப் பார்த்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. ஒவ்வொரு எழுத்தாக மாற்றினால் போதும் என்று நினைத்தது தவறு. பாமினியில் கொம்பு முன்னால், மெய் பின்னால். யுனிகோடில் நேர்மாறு. ஆகவே "கொ", "கோ" போன்ற நீண்ட கோர்வைகளை முதலில் மாற்றி, தனி எழுத்தைக் கடைசியில் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு பேய் இருந்தது: ஒகரக் குறி ஒரே எழுத்தாகவும் வரும், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டு ஆள். யுனிகோட் ஒழுங்காக்கத்தை ஓட்டிய பிறகே ஒப்பிட வேண்டும். மூலப் பெயரை வேறு நிரலில் அப்படியே வைத்திருங்கள்.

பெயரை நம்ப முடியாது, அடையாள அட்டை இலக்கம் இருக்கிறதே என்று போனால் அங்கும் இரட்டை. 9 இலக்கமும் வீ அல்லது எக்ஸும் கொண்டது பழையது, 2016இலிருந்து வருவது 12 இலக்கம். ஒரே பெண் செக்ரோலில் பழையதிலும் சேமலாப நிதிப் பட்டியலில் புதியதிலும் இருந்தார். மாற்றுவது லேசு: முன்னால் 19, பிறகு பழையதன் முதல் ஐந்து, ஒரு பூச்சியம், கடைசி நான்கு. பழையதில் மூன்றாம் இலக்கத்திலிருந்து மூன்றை எடுத்தால் வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தார் என்று வரும். பெண்களுக்கு அதோடு 500 கூடும். ஆணா பெண்ணா என்ற நிரலோடு ஒத்துப் பார்த்ததில் தட்டச்சுப் பிழைகள் கொத்தாக அகப்பட்டன. இந்த முழு வேலையிலும் வாய்விட்டுச் சிரித்தது அன்று மட்டும்தான்.

பேர் (நாள் சம்பளத்துக்கான வருகை) கணக்கில் கவனம். காலையில் பேருக்கு, பின்னேரம் கைக்காசுக்கு என்று ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு வரி வரும். வரியை எண்ணினால் இரண்டு ஆள். பேர் அளவை 1, 0.5, 0 என்று தனி நிரலாக்கி, வேலை வகையை டைமென்ஷனாக்கினோம். புல் வெட்டப் போனவருக்குக் கிலோ இல்லை, ஆனால் பேர் உண்டு. அது கிலோ இல்லாத வருகை வரி, பறிப்போடு கலக்காது.

நாள் சம்பள வீதத்தை ஆளின் வரியில் எழுதியதும் எங்கள் கைங்கரியம். 2021 மார்ச்சில் 1,000 ரூபாய், 2024 செப்டம்பரில் அடிப்படை 1,350. புதியதை எழுதிய மறுநிமிடம் 2022இன் செலவும் உயர்ந்துவிட்டது. கொடுத்த தொகையை அந்த நாளின் வரியிலேயே எழுதி வைத்தோம்.

நாள்காட்டி ஒரே பின்னேரத்தில் முடிந்தது. ஒன்று மட்டும்: கொழும்பு ஏலம் செவ்வாய், புதன். செவ்வாய் 31ஆம் திகதியாக இருந்தால் ஒரே விற்பனை இலக்கம் (ஒவ்வொரு ஏலத்துக்கும் உள்ள எண்) இரண்டு மாதத்தில் கால் வைக்கும். விற்பனை இலக்கத்தை மாதத்துக்குக் கீழே தொங்கவிடாமல் நாளிலிருந்து தனிக் கிளையாக இழுங்கள்.

காணாமல் போன அந்த இரண்டு பக்கம் இன்னும் வரவில்லை. அவற்றில் இருந்த மலைகளின் கொழுந்து "தெரியாது" என்ற வரியில் சேர்கிறது, சாவி -1. அறிக்கையின் அடியில் அது ஒவ்வொரு மாதமும் அச்சாகிறது. கிளாக்கர் இப்போது தானாகவே போன் பண்ணி, அந்த வரியை எடுத்துவிட முடியாதா என்று கேட்கிறார். பக்கம் வந்தால் எடுக்கலாம்.