மைலுக்கு எத்தனை சதம் என்று மட்டும் கேட்காதீர்கள்

புதிதாக ஏ-இசட் லைசென்ஸ் (ட்ரெயிலர் இழுக்கும் பெரிய ட்ரக் ஓட்டுவதற்கானது) எடுத்த தம்பிமார் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, "அண்ணை, உங்கட கொம்பனி மைலுக்கு எத்தனை சதம் தருகுது?" என்பதுதான். ஐம்பதா, ஐம்பத்தைந்தா என்று அதிலேயே நிற்பார்கள். எனக்கென்றால் அந்தக் கணக்கில் பெரிய நம்பிக்கை இல்லை. தொடக்கச் சம்பளம் நியாயமா என்பது மைலில் தெரியாது, மணித்தியாலத்தில்தான் தெரியும்.

ஒரு ஓட்டத்தை எடுங்கள். ரொறன்ரோவிலிருந்து மொன்றியல், 401 நெடுஞ்சாலை வழியாக 540 கிலோமீட்டர் அளவில் வரும், அதாவது 335 மைல். போய்வர 670. மைலுக்கு 50 சதம் என்றால் 335 டொலர். தொழிற்சாலையில் நின்று கால் கடுத்தவனுக்கு இது நல்ல காசாகத்தான் தெரியும். ஆனால் ஒன்ராறியோவில் பெரிய ட்ரக்குகளுக்கு 105 கிலோமீட்டரில் வேகத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நெரிசல், டீசல், கழிப்பறை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு ஆறரை மணித்தியாலம் போய்விடும். காலையில் டயர், பிரேக், லைட் எல்லாம் சுற்றிப் பார்த்து, ட்ரெயிலர் கொழுவி, கடதாசி வேலை முடித்து, இரண்டு பக்கமும் ஏற்றி இறக்க இன்னும் மூன்று மணித்தியாலமாவது வேண்டும். ஆக, போய்வர எல்லாமாக 16 மணித்தியாலம். மணிக்கு 21 டொலர் கிட்ட வருகிறது. சரி, மோசமில்லை. மொன்றியல் களஞ்சியத்தில் "ஏற்றி இறக்கும் டோர் காலியில்லை, வெளியே நில்" என்று மூன்று மணித்தியாலம் நிறுத்திவிட்டால்? 335ஐ 19ஆல் பிரியுங்கள்: 17 டொலர் 63 சதம். 2025 ஏப்ரலில் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியே 17 டொலர் 75 சதம்!

மூன்று மணித்தியாலம் என்பது அபூர்வமுமில்லை. மளிகைச் சாமான் இறக்கும் பெரிய களஞ்சியங்களில் அரை நாளே போன ஓட்டங்கள் எனக்கு உண்டு. இது வெறும் சலிப்பு மட்டும் என்று நினைக்காதீர்கள். கனடாவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்தான் ஓட்டலாம், 14 மணித்தியாலத்துக்கு மேல் வேலையிலிருந்துவிட்டு ஓட்ட முடியாது. எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் போனால் ஓட்டம் 11 மணித்தியாலம், அதுவும் வேலை தொடங்கி 14 மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். காத்திருந்த நேரம் அந்தப் பதினாலைத் தின்கிறது. முன்பு ஓட்டிய நேரத்தைப் பதியும் லொக்புக்கைக் கடதாசியில் எழுதிய காலத்தில் இதை "சரிக்கட்டியவர்கள்" உண்டு (பெருமையான விஷயமல்ல). 2023 ஜனவரியிலிருந்து அதைத் தானே பதியும் மின்னணுக் கருவி இல்லாவிட்டால் தண்டனை, எஞ்சினே நேரத்தைச் சொல்லிவிடும். ஆகவே அன்று காத்திருந்ததற்கும் காசில்லை, அன்று ஓடாத மைலுக்கும் காசில்லை. பனிக்காலத்தில் ஒன்ராறியோவின் வடக்கே 17ஆம் நெடுஞ்சாலையை மூடிவிட்டால் இதே கதைதான், தண்டர் பே நகரத்துக்கு இந்தப் பக்கம் எங்காவது எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டியது. போதாததற்கு, பல கொம்பனிகள் தருவது உங்கள் மீட்டர் காட்டும் மைலுக்கு அல்ல, கணினி சொல்லும் மைலுக்கு. வீதி வேலைக்காகச் சுற்றிப் போனது உங்கள் கணக்கில்.

புதியவனுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுப்பதை நான் பிழை என்று சொல்லமாட்டேன். 2017 ஜூலையிலிருந்து ஒன்ராறியோவில் இந்த லைசென்ஸுக்குக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். அதை முடித்து வந்தவனுக்கும் ட்ரக்கைப் பின்பக்கமாக எடுக்கிற வேலை பழகக் காலம் வேண்டும், காப்புறுதிக்காரரும் அனுபவமில்லாதவன் என்றால் கொம்பனியிடம் கூடக் கேட்பார்கள். அதற்காக மைலுக்கு நாலைந்து சதம் குறையலாம். ஆனால் என் முதல் கொம்பனி "பயிற்சி" என்று செய்தது வேறு. பழைய சாரதி ஒருவரோடு அனுப்பினார்கள். அவர் பகலில் ஓட்டி இரவில் பின் கட்டிலில் படுத்துவிடுவார், இரவு முழுக்க ஓட்டுவது நான். வின்னிபெக்குக்கு நிற்காமல் இரண்டு சாரதி வேகத்தில் சாமான் போய்ச் சேரும், எனக்குக் கிடைத்தது ஒரு நாளுக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை. பழகுகிறவன் ஓட்டும்போது பழக்குகிறவர் நித்திரை என்றால் அதற்குப் பெயர் பயிற்சியா?

அப்புறம், "உன் பெயரில் ஒரு கொம்பனி பதிந்துகொண்டு வா, மைலுக்கு பத்துச் சதம் கூடத் தருகிறோம், வரியும் பிடிக்கமாட்டோம்" என்பவர்கள். நம் ஆட்கள் கன பேர் விழுவது இதில்தான். ட்ரக் அவர்களுடையது, டீசல் அவர்களுடையது, எங்கே எப்போது போவதென்பதும் அவர்கள் சொல்வது. பிறகு நீங்கள் எப்படி வியாபாரி? விடுமுறைச் சம்பளம் 4 சதவீதம் போச்சு, வேலை போனால் காப்புறுதிப் பணம் போச்சு, ஓய்வூதியத்தில் முதலாளி கட்டவேண்டிய பங்கும் உங்கள் தலையில். வாரத்தில் 60 மணித்தியாலத்துக்கு மேல் நெடுஞ்சாலைச் சாரதிக்கு உள்ள ஓவர்டைமும் இல்லை. வரித் திணைக்களம் பார்த்து "இது உண்மையில் சம்பள வேலை" என்று முடிவெடுத்தால் அந்தக் கொம்பனி வருமானத்துக்கு ஒன்ராறியோவில் 44.5 சதவீத வரி. மாகாணம் தாண்டி ஓடுகிற சாரதிகளை இப்படி வேறு பெயரில் வைத்திருப்பதை மத்திய தொழில் சட்டம் 2021லேயே தடைசெய்துவிட்டது, ஆனாலும் விளம்பரங்கள் நிற்கவில்லை.

தராத சம்பளத்துக்கு மத்திய தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம், லோயர் தேவையில்லை. காசு தரவேண்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும். லொக் பதிவுகளைக் கொம்பனி வைத்திருக்க வேண்டிய காலமும் அதே ஆறு மாதம்தான், அதனால் வாரா வாரம் உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

வேலைக்குக் கதைக்கப் போகும்போது காத்திருப்புக்கு எத்தனையாவது மணித்தியாலத்திலிருந்து காசு, பயிற்சி நாட்களுக்கு எவ்வளவு, சம்பளப் பட்டியலில் போடுவார்களா, ரி4 (வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் படிவம்) தருவார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் போனை வைத்த இடங்கள் எனக்கு உண்டு. இப்போது ஓடும் இடத்தில் மைலுக்கு முன்பைவிட இரண்டு சதம் குறைவு, ஆனால் இரண்டாவது மணித்தியாலத்திலிருந்து காத்திருப்புக்குத் தருகிறார்கள், வீதி மூடினால் ஒரு நாள் தொகை தருகிறார்கள். மாத முடிவில் கைக்கு வருவது கூடத்தான்.