புண் இருக்கும் இடத்திலேயே மருந்து: கைட்டோசானும் பட்டும்

தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் கூடுகளைச் சேலைக்கான நூலாக மட்டுமே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். அந்த நூலின் உட்பகுதியான ஃபைப்ராயின் என்னும் புரதம் அறுவைத் தையலில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது என்பதும், அதே புரதத்தைக் கரைத்து ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கிப் புற்றுநோய் மருந்தை ஏற்றும் ஆய்வுகள் நடக்கின்றன என்பதும் கூடு வளர்ப்பவர்களிடம் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை.

பாலக்கோடு பக்கம் மல்பெரித் தோட்டம் வைத்திருந்த என் சித்தப்பாவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்று வந்து, பெங்களூருக்குச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றபோது, "புண்ணு வாயில இருக்குது, மருந்த எதுக்குடா கையில ஏத்துறாங்க?" என்று அவர் என்னிடம் கேட்டார். மிகச் சரியான கேள்வி அது. புற்றணுக்கள் வேறு இடங்களுக்குப் பரவியிருக்கக்கூடும் என்பதால் இரத்தத்தின் வழியே மருந்து தருகிறார்கள். ஆனால் அப்படித் தரும் புற்று மருந்துகளில் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவித்திறனையும், டாக்சோரூபிசின் இதயத்தையும் பாதிக்கக்கூடியவை. அதனால் கட்டியைத் தாக்கப் போதுமான அளவு மருந்தைத் தர முடிவதில்லை, உடல் தாங்காது.

இதற்கு விடையாகத்தான் நானோ துகள்கள் வந்தன. கட்டியின் இரத்தக் குழாய்கள் கசிவுள்ளவை என்பதால் பெரிய மூலக்கூறுகள் அங்கே தங்கிவிடும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமுராவும் மயேடாவும் 1986இல் காட்டினார்கள். ஆல்புமின் என்னும் இரத்தப் புரதத்தோடு பிணைத்த பாக்ளிடாக்செல் என்னும் புற்று மருந்து 2005இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனாலும் பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு மதிப்பீடு, இரத்தத்தில் செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்றடைவது நடுமதிப்பாக 0.7 சதவீதமே என்று 2016இல் தெரிவித்தது. மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. துகளை எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும், அது போகும் வழி நீளமானதாக இருந்தால் பயன் குறைவுதான் என்பது என் உறுதியான கருத்து. வாய்க்கால் முழுவதும் தண்ணீர் விடுவதற்கும், மல்பெரிச் செடியின் வேரடியில் சொட்டுநீர் விடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

மருந்தைப் புண்ணின்மேலேயே வைக்கும் முறைக்கு வாய்ப்புற்று ஏற்ற நோய், ஏனெனில் கட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. புகையிலை மெல்லும் பழக்கம் பரவியுள்ள நம் நாட்டில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுகளில் அது முன்வரிசையிலும் இருக்கிறது. இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைட்டினைக் காரத்தில் வேகவைத்துப் பெறும் கைட்டோசான் இங்கே முதன்மையான பொருள். சற்றே அமிலமான சூழலில் அது நேர்மின்னூட்டம் பெறுவதால், எதிர்மின்னூட்டம் கொண்ட சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. ட்ரைபாலிபாஸ்பேட் என்னும் உப்பின் கரைசலோடு கலந்தால் கடுமையான கரைப்பான்கள் இல்லாமலே நானோ துகள்கள் உருவாகின்றன. சிஸ்பிளாட்டின் ஏற்றிய கைட்டோசான் துகள்களைக் கொண்ட ஒட்டுப்பட்டையை வாய்ப்புற்றின்மேல் வைத்துச் செய்த மருத்துவப் பரிசோதனையின் முடிவு 2022இல் வெளியானது. கட்டிகள் சுருங்கின, இரத்தத்தில் கலந்த மருந்து மிகக் குறைவு. பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் இதை ஒரு நல்ல தொடக்கம் என்பதற்குமேல் நான் சொல்லமாட்டேன், ஆனால் சித்தப்பாவின் கேள்விக்கு யாரோ ஆய்வகத்தில் விடை தேடியிருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது.

பட்டு இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. கூட்டைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கொதிக்கவைத்துச் செரிசின் என்னும் பசையை நீக்கி, எஞ்சும் ஃபைப்ராயினை லித்தியம் புரோமைடில் கரைத்து, உப்பைச் சவ்வின் வழியே பிரித்தெடுத்தபின், அந்தக் கரைசலை அசிட்டோனில் சொட்டுச்சொட்டாக விட்டால் துகள்கள் கிடைக்கின்றன. டாக்சோரூபிசின் ஏற்றிய இத்துகள்கள் இரத்தத்தின் காரகாடிநிலையான (pH) 7.4இல் மருந்தை மெதுவாகவும், உயிரணுவுக்குள் இருக்கும் அமிலப் பைகளை ஒத்த 4.5இல் விரைவாகவும் விடுவதை சைப், கேப்லான் குழுவினர் 2013இல் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டில், மருந்தேற்றிய பட்டுப் படலத்தை எலியின் மார்பகக் கட்டியருகே வைத்தபோது, அதே அளவை இரத்தத்தில் செலுத்தியதைவிடக் கட்டி நன்கு கட்டுப்பட்டது.

எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். ஓரிடத்தில் வைக்கும் மருந்து கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய புற்றைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வாய்ப்புற்றுக்கு அறுவையே இன்றும் முதன்மைச் சிகிச்சை, இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட இந்தச் செய்திகள் காரணமாகிவிடக் கூடாது. இயற்கைப் பொருள் என்பதாலேயே வேறொரு சிக்கலும் உண்டு. கூட்டைக் கொதிக்கவைக்கும் நேரம் கூடினால் ஃபைப்ராயின் சங்கிலிகள் துண்டாகி, துகளின் தன்மை மாறிவிடுகிறது. கைட்டோசானும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுகிறது. மருந்தாக வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஒரே தன்மை வேண்டும், அதற்கு எந்த இனப் புழு, எந்தத் தோட்டம், எப்படி வளர்த்தது என்ற பதிவு தேவைப்படும்.

அந்த இடத்தில்தான் நம் பகுதிக்கு உண்மையான வாய்ப்பு இருப்பதாக நினைக்கிறேன். ஓசூரில் மத்திய பட்டு வாரியத்தின் மரபுவள மையம் பட்டுப்புழு இனங்களைப் பேணிவருகிறது. ஃபைப்ராயினைக் கரைத்தே பயன்படுத்துவதால் நூல் அறுபடாமல் வரவேண்டிய கட்டாயம் இல்லை. எனவே ஓட்டை விழுந்து நூற்புக்கு ஆகாதென்று அங்காடியில் அடிமாட்டு விலைக்குப் போகும் கூடுகளும், கறை இல்லாதவையாகவும் இனம் தெரிந்தவையாகவும் இருந்தால், இந்த ஆய்வுகளுக்கு மூலப்பொருளாகலாம்.