அடித்துப்போட்ட முதல் பத்தி

ஐதராபாத்தில் உள்ள இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸுக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்தபோது, மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் மதிப்பெண் கைக்கு வந்துவிட்டால் முக்கால் கிணறு தாண்டியாயிற்று என்றே நினைத்திருந்தேன். மூன்று பகுதிகள், பகுதிக்கு 45 நிமிடம், 205 முதல் 805 வரை மதிப்பெண் என்னும் அந்தத் தேர்வில், ஒரு பகுதிக்கு மூன்று விடைகளை மட்டுமே மாற்ற முடியும் என்பதால், மாதிரித் தேர்வுகளையும் அதே கட்டுப்பாட்டோடு எழுதிப் பழகினேன்.

என்னைத் திணறடித்தது, விண்ணப்பத்தோடு என்னைப் பற்றி எழுதித் தர வேண்டிய கட்டுரைதான். "தலைமைப் பண்பு மிக்க நான்" என்று தொடங்கிய முதல் பத்தியைப் படித்த அக்கா, பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "இதை யார் வேண்டுமானாலும் எழுதலாமே" என்றார். வலித்தது, ஆனால் உண்மை. அதை நீக்கிவிட்டு, நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் உலோக வார்ப்புகள் குறையுள்ளவை என்று தொடர்ந்து கழிக்கப்பட்டபோது, மேற்பார்வையாளரோடு முரண்பட்டு இயந்திரத்தை நிறுத்தியதையும், அதில் நான் செய்த ஒரு தவறான கணிப்பையும் மறைக்காமல் எழுதினேன்.

பரிந்துரைக் கடிதத்துக்காக மேலாளரை அணுகியபோது, "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். நம் ஊரில் இது வழக்கம்தான் என்றாலும், நேர்மையானதன்று. மாறாக, நாங்கள் சேர்ந்து செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் நினைவூட்டலாகக் குறித்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு, கடைசி நாளுக்கு முந்தைய இரவில், அவரே உட்கார்ந்து எழுதி அனுப்பினார்.