பெட்டி ஏன் என்னை நோக்கி வந்தது?

பிளஸ் ஒன் அரையாண்டுத் தேர்வில் நான் ஒரு பெட்டியைத் தள்ளினேன். அது என்னை நோக்கியே வந்தது. கணக்கு இதுதான்: 10 கிலோகிராம் நிறையுள்ள பெட்டி தரையில் ஓய்வில் இருக்கிறது, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் (பரப்புகள் எவ்வளவு பற்றிக்கொள்ளும் என்பதைக் காட்டும் எண்) 0.5, கிடைமட்டமாக 30 நியூட்டன் விசையால் தள்ளினால் உராய்வு விசை எவ்வளவு, முடுக்கம் எவ்வளவு? யோசிக்காமல் 0.5 × 10 × 9.8 = 49 நியூட்டன் என்று எழுதினேன். 30-இலிருந்து 49-ஐக் கழித்து, 10-ஆல் வகுத்து, முடுக்கம் −1.9 மீ/வி² என்று அடிக்கோடும் போட்டேன். விடைத்தாளைக் கொடுக்கும்போது ஆசிரியர், "நீ தள்ளத் தள்ளப் பெட்டி உன் மேலேயே ஏறுகிறதே, பேய் பிடித்த பெட்டியா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ஐந்து மதிப்பெண்ணும் போயிற்று.

சரியான விடை: உராய்வு 30 நியூட்டன், முடுக்கம் சுழி. இப்போது அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். போன மாதம் அவனும் ஏறக்குறைய இதே 49-ஐ எழுதிக்கொண்டு வந்து நின்றபோது, இந்தத் தவறு பரம்பரைச் சொத்து என்று தெரிந்துகொண்டேன்.

குணகத்தைச் செங்குத்து விசையால் (தொட்டிருக்கும் பரப்பு, தனக்குச் செங்குத்தான திசையில் பொருளைத் தள்ளும் விசை) பெருக்கினால் வருவது ஓய்வுநிலை உராய்வின் அளவு அல்ல, அது எட்டக்கூடிய உச்சம். மளிகைக் கடைக்காரர் 500 ரூபாய் வரை கடன் தருவார் என்பதற்காக நீங்கள் எப்போதும் 500 ரூபாய் கடன்பட்டிருப்பதாக ஆகிவிடாது. 30 ரூபாய்க்குப் பருப்பு வாங்கினால் கடன் 30 தான். பாடநூலில் அந்தச் சமன்பாட்டில் 'குறைவு அல்லது சமம்' என்ற குறி இருக்கிறது. மனப்பாடம் செய்யும்போது நாம் முதலில் தொலைப்பது அந்தக் குறியைத்தான். பொருள் வழுக்கத் தொடங்கிய பிறகு வரும் இயக்க உராய்வுக்கு மட்டுமே நேரடியாகப் பெருக்கி எழுதும் உரிமை உண்டு.

அப்படியென்றால் ஓய்வுநிலை உராய்வை எப்படிக் கண்டுபிடிப்பது? முடுக்கத்திடம் கேட்க வேண்டும். முதலில் பொருள் வழுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வழுக்காவிட்டால் அதன் முடுக்கம் என்ன என்பது பெரும்பாலும் கணக்கிலேயே தெரிந்துவிடும். அந்த முடுக்கத்துக்கு எவ்வளவு உராய்வு தேவை என்பதை நியூட்டனின் இரண்டாம் விதியிலிருந்து எடுங்கள். கடைசியில்தான் குணகத்தைத் தொட வேண்டும்: தேவைப்படுவது உச்சத்துக்குள் இருக்கிறதா? இருந்தால் அதுவே விடை. தாண்டினால், வழுக்கவில்லை என்ற எண்ணமே தவறு. அதைக் கைவிட்டு இயக்க உராய்வை வைத்து மீண்டும் போட வேண்டும். நான் தோற்றது இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்ததால்.

லாரிக் கணக்கு ஒன்றை முழுதாகப் பார்க்கலாம், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் அதில் இருக்கிறது. லாரியின் தட்டையான தளத்தில் 50 கிலோகிராம் பெட்டி. ஓய்வுநிலைக் குணகம் 0.4, இயக்கக் குணகம் 0.3. லாரி 2 மீ/வி² முடுக்கத்தில் கிளம்புகிறது. பெட்டி வழுக்காவிட்டால் அதற்கும் 2 தான் முடுக்கம், தேவையான விசை 100 நியூட்டன். உச்சம் 0.4 × 50 × 9.8 = 196. ஆகவே உராய்வு 100 நியூட்டன்.

எந்தத் திசையில்? இங்கேதான் அக்கா மகன், "உராய்வு இயக்கத்தை எதிர்க்கும் என்றுதானே மாமா படித்தோம்? அப்படியென்றால் பின்னோக்கி" என்றான். விசைப்படத்தில் (பொருளின் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளாகக் காட்டும் படம்) பெட்டியின் மேல் கிடைமட்டமாக வேறு எந்த விசையாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. பிறகு பெட்டியை முன்னே கொண்டுபோவது யார்? உராய்வுதான். அது எதிர்ப்பது இயக்கத்தை அல்ல, தொட்டிருக்கும் இரண்டு பரப்புகளுக்கிடையே ஏற்படப்போகும் வழுக்கலை. பஸ் சட்டென்று கிளம்பும்போது கம்பியைப் பிடிக்காமல் நின்றவருக்கு இது தெரியும்: தளம் காலை முன்னே இழுக்கிறது, உடல் பின்தங்குகிறது. அம்புக்குறியை மனப்பாட வாக்கியத்தைப் பார்த்து வரையாமல், உராய்வே இல்லாவிட்டால் பொருள் எந்தப் பக்கம் நழுவும் என்று யோசித்து அதற்கு எதிர்ப்பக்கம் வரையுங்கள்.

அதே லாரி 5 மீ/வி² முடுக்கத்தில் கிளம்பினால் தேவை 250 நியூட்டன், உச்சமோ 196. பெட்டி வழுக்கும். இனி இயக்க உராய்வு 147 நியூட்டன், பெட்டியின் முடுக்கம் 2.94. இதுவும் முன்னோக்கித்தான்! தரையில் நிற்பவருக்குப் பெட்டி முன்னேதான் போகிறது. லாரியில் இருப்பவருக்கு மட்டும் அது 2.06 முடுக்கத்தில் பின்னே நழுவுகிறது. பெட்டிக்குப் பின்னால் தளம் 2 மீட்டர் இருந்தால், சுமார் 1.4 நொடியில் விளிம்பைத் தாண்டிவிடும். வழுக்காமல் இருக்க லாரி எட்டக்கூடிய அதிக முடுக்கம் 0.4 × 9.8 = 3.92 என்பதையும் கவனியுங்கள். பெட்டியின் நிறை அதில் இல்லவே இல்லை.

அடுத்த பொறி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டைகள். வழவழப்பான தரையில் 4 கிலோகிராம், அதன்மேல் 2 கிலோகிராம், இடையே குணகம் 0.4. கீழ்க்கட்டையை இழுத்தால் 23.52 நியூட்டன் வரை இரண்டும் சேர்ந்தே போகும். மேல்கட்டையை இழுத்தால் 11.76 நியூட்டன் வரைதான். இரண்டிலும் உராய்வின் உச்சம் அதே 7.84 நியூட்டன்தான். ஆனால் முதல் கணக்கில் அது 2 கிலோகிராமை முடுக்க வேண்டும், இரண்டாவதில் 4 கிலோகிராமை. தனித்தனியாக விசைப்படம் வரையாதவர்கள் இரண்டுக்கும் ஒரே விடை எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

செங்குத்து விசை என்றால் நிறை பெருக்கல் ஈர்ப்பு முடுக்கம் என்று கை தானாக எழுதுவதும் ஒரு நோய். சாய்வாக மேல்நோக்கி இழுத்தால் அது குறையும், மேலே கிளம்பும் லிஃப்டில் கூடும், சாய்தளத்தில் சாய்கோணத்தின் கொசைன் வந்து சேரும். ஈர்ப்பு முடுக்கத்துக்கு 9.8 போடுவதா 10 போடுவதா என்று தவிக்க வேண்டாம். வினாவில் கொடுத்ததைப் போடுங்கள். நீட் தேர்வில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைவதால், முடிவில் பெட்டி எந்தப் பக்கம் போகிறது என்று ஒருமுறை பார்ப்பதற்கு ஆகும் ஐந்து நொடி வீணில்லை.

நீங்களே போட்டுப் பார்க்க ஒன்று: ஒரு வண்டியின் செங்குத்தான முன்முகத்தில் கட்டை ஒன்று ஒட்டினாற்போல் இருக்கிறது, தாங்க அடியில் எதுவும் இல்லை. குணகம் 0.5. கட்டை விழாமலிருக்க வண்டிக்குக் குறைந்தது எவ்வளவு முடுக்கம் வேண்டும்? செங்குத்து விசை இங்கே எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 19.6 மீ/வி² வந்தால் சரி. 4.9 வந்தால் விசைப்படத்தை மறுபடி வரையுங்கள்.